பாலக்கோட்டில் ஒரு பரீட்சைக் காவல்

"மாமா, வர்ற ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் கதவுகிட்ட நிக்க முடியுமா?"

போனில் மாப்பிள்ளை இப்படிக் கேட்டதும் எனக்குக் கை கால் உதறியது. பாலக்கோடு பக்கம் இருக்கும் என் தாய்மாமன் மகன் அவன். பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. வயசு இருபத்தெட்டு. இந்த வயசுப் பையன் 'கதவுகிட்ட நில்லு' என்றால் என்ன அர்த்தம்? ரிஜிஸ்டர் ஆபீஸ் கதவா, போலீஸ் ஸ்டேஷன் கதவா?

"பயப்படாதீங்க. பரீட்சை மாமா. ஆன்லைன்ல, நம்ம வீட்டுலயே எழுதறேன். ரூமுக்குள்ள ஒரு ஈ காக்கா வரக் கூடாது. யாராவது எட்டிப் பார்த்தா காமிராவுல தெரிஞ்சிடும், பரீட்சை கேன்சல். பெங்களூர் ரூம்ல நாலு பேர் இருக்கோம். அங்க முடியாது."

"உங்கப்பாவை நிக்கச் சொல்லேன்?"

"அவர்தான் மாமா முதல்ல எட்டிப் பார்ப்பாரு!"

நியாயம்தான். பி.காம். படித்துவிட்டுப் பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைக்கும் ஆசாமிக்கு இதைவிட கௌரவமான உத்தியோகம் எப்போது கிடைக்கப் போகிறது? வெள்ளிக்கிழமை ராத்திரியே ரயில் ஏறிவிட்டேன்.

சென்னையிலிருந்து தர்மபுரிக்குப் போகிறவர்கள் மொரப்பூரில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். இதில் ஒரு வேடிக்கை. 1906-லேயே மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்குக் குட்டி ரயில் ஓடியிருக்கிறது. இரண்டாம் உலகப் போர் வந்ததும் 1941-ல் தண்டவாளத்தைக் கழற்றிவிட்டார்கள். மறுபடி பாதை போட 2019-ல் அடிக்கல் நாட்டினார்கள். தாத்தா ரயிலில் போன ஊருக்குப் பேரன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனேன்.

தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் மாப்பிள்ளை பைக்கோடு நின்றான். முகத்தில் மூன்று நாள் தாடி. கேட்டால், பரீட்சையில் ஏற்கெனவே ஒரு தடவை கோட்டை விட்டிருக்கிறான். நாற்பது கேள்வி, அறுபது நிமிஷம், இருபத்துநாலு சரியாக இருந்தால் பாஸ். இவன் வாங்கியது இருபத்துமூணு!

"ஒரே ஒரு கேள்வி மாமா! இந்தத் தடவையும் போச்சுன்னா புது ப்ராஜெக்ட் லிஸ்ட்ல என் பேரு இருக்காது. பெஞ்சுல உக்காத்தி வெச்சிடுவாங்க. அப்புறம் எந்த நாள் வேணா வீட்டுக்குப் போகச் சொல்லலாம். இந்தத் தடவை பீஸ் கட்டினது அப்பாவோட தக்காளிக் காசு."

அதற்கப்புறம் கிண்டல் செய்ய எனக்கு வாய் வரவில்லை. மாமா, கிலோ நூறு ரூபாயைத் தாண்டிய 2023 ஜூலையையும் பார்த்தவர். பறிகூலிக்குக்கூடக் கட்டாமல் தக்காளியை ரோட்டோரம் கொட்டிய நாட்களையும் பார்த்தவர்.

"படிச்சுப் படிச்சு மண்டை காயுது. ஒகேனக்கல் போயிட்டு வரலாம், வாங்க" என்றான்.

பைக்கின் பின்சீட்டில்தான் எனக்குப் பாடம் ஆரம்பமானது. பரீட்சையின் பெயர் டோகாஃப். படிப்பின் பெயர் எண்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர்.

"ஆர்க்கிடெக்ட்னா வீட்டுக்கு பிளான் போடறவர்தானே?"

"வீட்டையே எடுத்துக்குங்க. நம்ம வீடு எப்படி இருக்கு? தாத்தா ஓட்டு வீடு கட்டினாரு. அப்பா அதுக்கு முன்னால மாடி வெச்ச ரூம் போட்டாரு. அப்புறம் மோட்டார் ரூம், அப்புறம் பாத்ரூம். இப்ப சமையக்கட்டு லைட்டுக்கு ஸ்விட்ச் எங்க இருக்கு?"

"மாட்டுக் கொட்டாயில!"

"எல்லாப் பெரிய ஆபீஸும் அப்படித்தான் மாமா. சம்பளத்துக்கு ஒரு புரோகிராம், சரக்குக்கு ஒண்ணு, பில்லுக்கு ஒண்ணு. ஒவ்வொண்ணையும் ஒவ்வொரு காலத்துல வாங்கினது. பங்காளிங்க மாதிரி ஒண்ணோட ஒண்ணு பேசாது. மொத்த வீட்டுக்கும் பிளான் போட்டு, இன்னிக்கு எப்படி இருக்கு, நாளைக்கு எப்படி இருக்கணும், நடுவுல என்ன குறையுதுன்னு எழுதறதுதான் இந்த வேலை."

1987-ல் ஐ.பி.எம்.மில் இருந்த ஜான் சாக்மன் என்பவர் ஒரு கட்டுரை எழுதினார். கட்டிடக்காரர்களிடமும் விமானம் செய்கிறவர்களிடமும் வரைபடங்கள் இருப்பது போலக் கம்பெனியின் தகவல் அமைப்புக்கும் வேண்டும் என்று. அமெரிக்க ராணுவ இலாகா தன் கம்ப்யூட்டர்களுக்காக வகுத்த முறையை வைத்து 1995-ல் முதல் டோகாஃப் வந்தது. 2022-ல் வந்தது பத்தாம் பதிப்பு. அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. இலாகாக்களின் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசட்டும் என்று மத்திய அரசு 2018-ல் 'இண்டியா' என்று இதே மாதிரி ஒரு வழிமுறையை வெளியிட்டது. கடைசியில் ஆர்க்கிடெக்சர் ஒட்டிக்கொள்வதால் இந்தியாவே இண்டியா ஆகிவிட்டது!

"நாலு மாடி மாமா. வியாபாரம், தகவல், புரோகிராம், மெஷின். அப்பா தக்காளியை யாருக்கு விக்கிறாருங்கறது வியாபாரம். சிட்டையில எழுதறது தகவல். அந்தக் கணக்கைப் போடற சாப்ட்வேர் புரோகிராம். அது ஓடற போன் மெஷின். எல்லாரும் நாலாவது மாடியிலேர்ந்து ஆரம்பிக்கறாங்க. கம்ப்யூட்டரை வாங்கிட்டு அப்புறம் எதுக்குன்னு யோசிக்கறாங்க."

நான் சைக்கிள் வாங்கிவிட்டு ஓட்டக் கற்றுக்கொண்ட கதை ஞாபகம் வந்தது.

ஒகேனக்கல்லில் நல்ல வெயில். எண்ணெய் மசாஜ்காரர் ஒருவர் என் முதுகைத் தட்டி, தடவி, முறுக்கி, ஏதோ துணி துவைக்கிற மாதிரி கவனித்தார். "இதுக்கு சர்டிபிகேட் உண்டா?" என்று கேட்டேன்.

"எங்கப்பா முதுகுலதான் சார் கத்துக்கிட்டேன். அவர் ஐயோன்னு கத்தாத அன்னிக்கு பாஸ்!"

பரிசலில் ஏறினோம். லைப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு நான் கேள்வி கேட்க, மாப்பிள்ளை பதில் சொன்னான். ஏ முதல் எச் வரை எட்டுக் கட்டம், வட்டமாகச் சுற்றும். அதற்கு முன்னால் ஒரு தயாரிப்புக் கட்டம். நடுவில் 'தேவைகள்' என்று ஒரு வட்டம். சொல்லி முடிக்கவும் பரிசல்காரர் பரிசலைக் கிறுகிறுவென்று சுற்றிவிட்டார். எனக்கு எட்டுக் கட்டமும் பதினாறாகத் தெரிந்தது.

"பாறை எங்க இருக்குன்னு எப்படிங்க தெரியும்?" என்று கேட்டேன்.

"தண்ணி கொறைஞ்சா ஒரு வழி, ஏறினா ஒரு வழி சார். தெனம் பார்க்கணும். நேத்து பார்த்ததை வெச்சு இன்னிக்கு ஓட்டினா கவுந்துடும்."

மாப்பிள்ளை என்னைப் பார்த்தான். "இதுதான் மாமா, 'இன்னிக்கு எப்படி இருக்கு'ங்கற கட்டம். நான் தப்பு விட்டது இதுலதான். கேள்வியைப் பார்த்தவுடனே தீர்வுக்குத் தாவிடறேன்."

கரையில் மீன் வாங்கிக் கொடுத்தால் வறுத்துக் கொடுக்கிறார்கள். சாப்பிட்டுக்கொண்டே கூட்டுக் குடிநீர்த் திட்டத்தைப் பற்றிப் பேசினோம். இந்தப் பக்கத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். குடித்த குழந்தைகளின் பல்லெல்லாம் பழுப்பாகும், எலும்பும் கெடும். பக்கத்திலேயே காவிரி. ஜப்பான் கடனுதவியோடு 2008-ல் அடிக்கல் நாட்டி, 2013-ல் திறந்தார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் ஒகேனக்கல் தண்ணீர். ஆற்றைப் பார்த்துத் திட்டம் போடவில்லை. பல்லைப் பார்த்துப் போட்டிருக்கிறார்கள். அதுதான் சரியான ஆர்க்கிடெக்சர் என்று மாப்பிள்ளை தீர்ப்புச் சொன்னான், முள்ளைத் துப்பிக்கொண்டே.

திரும்பும் வழியில் பாப்பாரப்பட்டி. சுப்பிரமணிய சிவா 1925-ல் கண்மூடிய ஊர். அங்கே பாரத மாதாவுக்குக் கோயில் கட்ட ஆசைப்பட்டு, 1923-ல் சித்தரஞ்சன் தாஸை அழைத்து அடிக்கல் நாட்டினார். அரசு அந்த நினைவாலயத்தைக் கட்டித் திறந்தது 2021-ல். பிளான் போட்டவர் கட்டிடத்தைப் பார்க்கவேயில்லை. ஒரு கேள்வியில் தோற்றதற்குத் தாடி வளர்க்கும் மாப்பிள்ளை கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான்.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். 1792-ல் திப்புவிடமிருந்து பாராமகால் சீமை கம்பெனியார் கைக்கு வந்தது. அலெக்சாண்டர் ரீடு என்ற அதிகாரியின் கீழ் 1799 வரை இங்கே வேலை பார்த்தவர் தாமஸ் மன்றோ. தர்மபுரியில் வீடும் தோட்டமும் வைத்துக்கொண்டு, நிலம் நிலமாக அளந்து, யார் உழுகிறார், என்ன விளைகிறது என்று எழுதினார்கள். விவசாயியோடு சர்க்கார் நேரடியாகக் கணக்கு வைத்துக்கொள்ளும் ரயத்துவாரி முறை இந்த மண்ணில்தான் உருவானது. வரி கழுத்தை நெரித்தது வேறு கதை. ஆனால் வயலுக்குப் போய்க் கேட்காமல் மேஜையில் உட்கார்ந்து அவர்கள் கோடு போடவில்லை.

இதையெல்லாம் மாப்பிள்ளைக்கு விளக்கமாகச் சொன்னேன். சொன்ன நான் மறுநாள் என்ன செய்தேன் என்பதுதான் இனி வரும் வெட்கக்கேடு.

* * *

ஞாயிற்றுக்கிழமை. பத்தரைக்குப் பரீட்சை. அரை குயர் நோட்டில் நானே ஒரு திட்டம் போட்டேன். ஆபத்துகள்: ஒன்று, கோழி. இரண்டு, நாய். மூன்று, கரண்ட் (இன்வெர்ட்டர் இருக்கிறது). நான்கு, மாமாவின் தும்மல். ஐந்து, மிக்சி. ஆறு, ஆயா.

ஆயாதான் பெரிய ஆபத்து. எண்பத்து மூன்று வயசு. பேரன் படித்தால் அரை மணிக்கு ஒரு தடவை சுக்குக் காப்பி கொண்டுபோய் வைப்பது அவளுடைய அடிப்படை உரிமை. "ஆயா, இன்னிக்கு அந்தப் பக்கமே வரக் கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். ஒரு மாதிரி பார்த்தாள். "உனக்குத் தெரியாததா சாமி" என்று கொல்லைப் பக்கம் போய்விட்டாள்.

பரீட்சை நடக்கும் இடம் மாமாவின் கணக்கு ரூம். சிட்டை, தராசு, பிளாஸ்டிக் கிரேட் எல்லாவற்றையும் வெளியே எடுத்து, மேஜையைத் துடைத்து, நாலு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டு உள்ளே போனான் மாப்பிள்ளை. கதவு சாத்தியது. நான் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். எதிரே திண்ணையில் மாமா. தும்மல் வந்தபோதெல்லாம் தெருவுக்கு ஓடினார், பாவம்.

மணி பதினொன்று. கொல்லைப் பக்கம் ஸ்கூட்டர் சத்தம்.

"யாரு மாமா அது?"

"மண்டிக்காரரு. ஞாயித்துக்கிழமை கணக்குப் பார்க்க வருவாரு. பின்கதவு வழியா நேரா கணக்கு ரூமுக்கு..." என்ற மாமா அப்படியே நிறுத்தினார்.

பின்கதவா? அந்த ரூமுக்கு இரண்டு கதவா? ஓட்டு வீட்டுக்கும் மாடி ரூமுக்கும் நடுவில் தாத்தா காலத்துக் கதவு ஒன்று. அதன் எதிரில் அடுக்கியிருந்த கிரேட்டுகளைக் காலையில் வெளியே தூக்கி வைத்தவனே நான்தான்!

வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வீட்டைச் சுற்றி ஓடினேன். மாட்டுக் கொட்டாய் தாண்டித் திரும்பினால்...

பின்கதவில் முதுகைச் சாய்த்து, கவிழ்த்துப் போட்ட கிரேட் மேல் ஆயா உட்கார்ந்திருந்தாள். மடியில் அவரைக்காய். குறுக்கே கைத்தடி. இரண்டடி தள்ளி மண்டிக்காரர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, வாயில் விரலை வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பையன் மாதிரி நின்றார்.

"இவன் வருவான்னு தெரியும். அதான் பத்து மணிக்கே வந்து உக்காந்துட்டேன்" என்றாள் ஆயா, ரகசியக் குரலில்.

"எங்கிட்ட ஏன் ஆயா சொல்லல?"

"நீ எங்க சாமி கேட்ட? வராதேன்னுதான் சொன்ன."

பதினொன்றரைக்குக் கதவு திறந்தது. முடிவு ஸ்கிரீனிலேயே வந்துவிடுகிறது. முப்பத்தொன்று! மாமா பிள்ளையைக் கட்டிக்கொள்ளக் கையைத் தூக்கிவிட்டு, பழக்கமில்லாததால் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். ஒரு மணி நேரம் அடக்கி வைத்த தும்மல் அப்போதுதான் முழுசாக வெளியே வந்தது.

"இந்த சர்டிபிகேட்டால என்னடா தெரியும்?" என்று மண்டிக்காரர் கேட்டார்.

"பத்து நாட்டு ஆளுங்க ஒரு வேலையில உக்காந்தா, ஒரு வார்த்தைக்கு எல்லாரும் ஒரே அர்த்தம் சொல்லுவோம்ணே. அதுக்கான சாட்சி இது. வேலை தெரியுமாங்கறது அப்புறம்தான் தெரியும்" என்றான் மாப்பிள்ளை. பாஸானவன் இப்படிப் பேசினால் பிழைத்துக்கொள்வான்.

திரும்பி வரும் ரயிலில் என் அரை குயர் நோட்டைப் பார்த்தேன். ஆறாவது ஆபத்து என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டேன். அந்த வீட்டில் அறுபது வருஷமாக இருப்பவளிடம் 'எத்தனை கதவு' என்று ஒரு வார்த்தை கேட்காமல் பிளான் போட்ட ஆர்க்கிடெக்ட் நான்.

போன வாரம் மாப்பிள்ளை போன் செய்தான். அடுத்த கட்டப் பரீட்சையாம். எட்டே கேள்வி, தொண்ணூறு நிமிஷம், புத்தகம் பார்த்தே எழுதலாமாம். ஒவ்வொரு கேள்வியும் ஒரு கம்பெனியின் குடும்பக் கதையாம்.

"காவலுக்கு நான் வரட்டுமா மாப்ளே?" என்றேன்.

"வேணாம் மாமா. ஆயா ஒத்துக்கிட்டாங்க."