ஆற்றுப்படுத்துவோரும் ஆண்டவனும்

தமிழ் பயின்றோருக்கு ஆற்றுப்படை என்பது பழகிய சொல். பரிசில் பெற்று மீளும் பாணன், வறுமையோடு எதிர்வரும் மற்றொரு பாணனுக்குத் தான் சென்றுவந்த வழியை எடுத்துரைத்து அனுப்புவான். ஆறு என்றால் வழி. படுத்தல் என்றால் செலுத்துதல். பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுக்கள் இவ்வகையைச் சேர்ந்தவை. மனம் நொந்தவரோடு பேசி அவரைத் தேற்றும் இக்காலக் கலைக்கு எங்கள் நாட்டில் வழங்கும் பெயர்களுள் ஒன்று ஆற்றுப்படுத்தல் என்பதாகும். அழகிய பெயர்தான். ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. பழைய பாணன் சேரவேண்டிய ஊரைத் தானே முடிவு செய்துகொண்டு பேசினான். இன்றைய ஆற்றுப்படுத்துநர் அவ்வாறு பேசலாமா? துயருற்று வந்தவரை இறைவனிடம் அனுப்பவோ, இறைவனிடமிருந்து திருப்பி அழைக்கவோ அவருக்கு உரிமை உண்டா?

இஃது ஏட்டில் எழுந்த வினாவன்று. எங்கள் மருதமுனைக் கரையில் எழுந்த வினா.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை ஆழிப்பேரலை வந்தது. இலங்கையிலே மிகுதியான உயிர்களை இழந்தது எங்கள் அம்பாறை மாவட்டம். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அப்பொழுது நான் பாடசாலை மாணவன். நெசவுக்குப் பேர்போன இவ்வூரின் கடலோரத் தெருக்கள் ஒரு காலைப்பொழுதில் மணல்மேடாகியதைக் கண்ட கண்கள் இவை.

அலைக்குப் பின்னால் அரிசியும் கூடாரமும் வந்தன. அவற்றோடு உளவளத்துணையும் வந்தது. வந்தவர்களில் நல்லெண்ணம் அற்றவர் என்று எவரையும் நான் சொல்லமாட்டேன். ஆனால் நல்லெண்ணம் மாத்திரம் போதுமா? கணவனை இழந்த பெண்ணொருத்தி நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருப்பது எங்கள் வழக்கம். அந்நிய ஆடவர் முன் அவள் வரமாட்டாள். அவளைத் தேடி ஆடவர் ஒருவரே குறிப்பேட்டோடு வந்தார். அவள் கதவின் பின்னால் நின்று, “எல்லாம் அல்லாஹ்ட நாட்டம்” என்று மட்டும் சொன்னாள். அவள் உண்மையை ஏற்க மறுக்கிறாள் என்று குறிப்பேட்டில் பதிவாகியது. அவள் மறுத்தது உண்மையையா, அந்த விசாரிப்பையா? கத்ரை நம்புகிறவள் அழாதவள் அல்லள். நபிகள் நாயகமே தம் குழந்தை இப்றாகீமின் மரணத்தில் கண்ணீர் சிந்தினார் என்பது எங்கள் ஊர்ச் சிறுவரும் அறிந்த செய்தி. பொறுமையும் கண்ணீரும் ஒரே நெஞ்சில் குடியிருக்கக் கூடியவை என்பதை அந்தக் குறிப்பேடு அறிந்திருக்கவில்லை.

எங்கள் தாய்மாரை இரவில் உறங்கவிடாத வேதனை வேறொன்று. அவசரத்தில் மையித்துகள் கூட்டமாக அடக்கப்பட்டன. குளிப்பாட்டவில்லை, கபனிடவில்லை, முகம் பார்க்கவில்லை. “என்ட புள்ளயக் குளிப்பாட்டாம அடக்கிட்டாங்களே” என்ற புலம்பலுக்கு எந்த உளவியல் நூலிலும் மறுமொழி இல்லை. நீரில் மூழ்கி இறந்தவருக்கு ஷஹீதின் அந்தஸ்து உண்டென்று ஓர் ஆலிம் அமர்ந்து எடுத்துச் சொன்னபோதுதான் பல தாய்மாரின் மூச்சு சீராகியது. இதை உளவளத்துணையாளர் சொல்லியிருக்க வேண்டும் என்பதன்று என் வாதம். அவர் மார்க்க அறிஞர் அல்லர். அவ்வாறு வேடமிடவும் கூடாது. “உங்களை மிக வருத்துவது எது?” என்று கேட்டு, விடை மார்க்கத்தைச் சார்ந்ததாயின் அதற்குரியவரை அழைத்து வருவதே அவர் கடமை. தன் அறிவின் எல்லையை அறிதலே தொழில் ஒழுக்கத்தின் முதற்பாடம்.

மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. பாவத்துக்குத் தண்டனையாகவே கடல் பொங்கியது என்று பிரசங்கித்தோரும் இருந்தனர். அதைக் கேட்டு, “நான் செய்த எந்தப் பாவத்துக்கு என் குழந்தை போனது?” என்று தன்னையே தின்றுகொண்டிருந்த தாயை நான் அறிவேன். இங்கே மதமே புண்ணாகியது. இத்தகையவளிடம் உளவளத்துணையாளர் என்ன செய்வது? தண்டனை என்பதெல்லாம் மூடத்தனம் என்றால், அவளிடம் எஞ்சிய ஊன்றுகோலையும் பறித்தவர் ஆவார். ஆம் என்று தலையசைத்தால், கொடுமைக்குத் துணைபோனவர் ஆவார். அத்தாய்க்கு வழி திறந்தது ஒரு பெண் தாதியின் எளிய வினா: “சின்னப் புள்ளைகளப் பத்தி மார்க்கம் என்ன சொல்லுது, ராத்தா?” குழந்தைகள் பாவமற்றவர்கள் என்பதை அத்தாயே தன் வாயால் சொன்னாள், சொல்லிவிட்டு அழுதாள். விடை அவளுடைய நம்பிக்கைக்குள்ளேயே இருந்தது. தாதி அதைத் திணிக்கவில்லை, தேட இடங்கொடுத்தாள்.

உலகமும் இதை மெல்லத்தான் கற்றது. 1927இல் ஃப்ராய்ட் மதத்தை ஒரு மாயை என்று நூல் எழுதினார். அவர்வழி வந்த பலர் நோயாளியின் பக்தியையே நோயின் அறிகுறியாக நோக்கினர். பேரலைக்குப் பின், 2007இல், அனைத்துலக நிறுவனங்கள் கூடி வெளியிட்ட பேரிடர்க்கால உளநல வழிகாட்டி, மக்களின் சமயச் சடங்குகளுக்கு இடமளிக்க வேண்டுமென்றும், தீங்கு விளைப்பவற்றை ஆதரிக்கலாகாதென்றும் கூறியது. 2016இல் உலக உளமருத்துவச் சங்கம் தன் நிலைப்பாட்டை வெளியிட்டது. நோயாளியின் நம்பிக்கையைக் கேட்டறிவதும் மதிப்பதும் மருத்துவர் கடமை. தம் மதத்தையோ மதமின்மையையோ பரப்ப அத்தொழிலைப் பயன்படுத்தலாகாது என்பதே அதன் சாரம்.

மதிப்பது என்றால் அனைத்துக்கும் தலைவணங்குவதா? அன்று. 2001 ஆகஸ்ட் 6 விடியலில் தமிழகத்தின் ஏர்வாடியில், தர்காவை நம்பிக் கொண்டுவரப்பட்டு, தனியார் காப்பகமொன்றில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் தீயில் மாண்டனர். ஓட முடியாமல் மாண்டனர். அவர்களைக் கொன்றது பிரார்த்தனையன்று. சங்கிலியும், அதை வைத்து நடந்த வணிகமும், ஏழைக்கு எட்டாத மருத்துவமுமே. நம்பிக்கையை மதிப்போம், சங்கிலியை மதியோம். ஓதுவதைத் தடுக்க வேண்டாம். அடிப்பதையும் பட்டினி போடுவதையும் தடுத்தே ஆகவேண்டும்.

என் வகுப்பு மாணவன் ஒருவனுக்கு வலிப்பு வந்தது. ஜின் பிடித்தது என்றார்கள். ஓதிய தண்ணீர் கொடுத்தார்கள். அவன் வாப்பா என்னிடம், “சேர், மருந்தும் குடுத்தா ஓதினது பலிக்காதெண்டு சொல்றாங்க” என்றார். “ஓதுறத ஓதுங்க; டொக்டர் தந்த குளிசைய மட்டும் ஒரு நாளும் விட்டுராதீங்க. நோயையும் மருந்தையும் தந்தவன் ஒருவனே எண்டுதானே நாம நம்புறம்” என்றேன். அவர் ஏற்றார். மாணவன் இன்று உயர்தரத்தில் படிக்கிறான்.

இறுதியாக ஒன்று. ஆற்றுப்படுத்தலால் ஆறாத துயரும் உண்டு. 2020 ஏப்ரலில், கொரோனாவால் இறந்தோர் அனைவரையும் எரித்தாக வேண்டுமென இந்நாட்டு அரசு விதித்தது. அடக்கம் செய்யலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறியிருந்தும் பச்சிளங் குழந்தையின் உடலும் எரிக்கப்பட்டது. 2021 பெப்ரவரியில்தான் அவ்விதி தளர்ந்தது. மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. 2024இல் அரசு மன்னிப்புக் கோரியது. அந்த மாதங்களில் தந்தையை எரிக்கக் கொடுத்த மகனிடம், “மனதைத் தேற்றிக்கொள்” என்று சொல்ல எவருக்கு உரிமை இருந்தது? அவன் மனம் நோயுற்றிருக்கவில்லை. அவனுக்கு அநீதி இழைக்கப்பட்டிருந்தது. அநீதியை நோயென்று பெயர்மாற்றி ஆறுதல் கூறும் உளவளத்துணை, ஆள்வோருக்குத் துணையேயன்றி மக்களுக்குத் துணையன்று. அவனுக்கு வேண்டியிருந்தது ஒரு பிடி மண். அம்மண்ணுக்காகக் குரல்கொடுத்தோரே அன்று உண்மையில் ஆற்றுப்படுத்தியோர்.

முற்போக்காளராகிய நாமும் இதை எண்ண வேண்டும். மக்களின் நம்பிக்கையைக் கேலி செய்து அவர்தம் கண்ணீரைத் துடைக்க இயலாது. நம்பிக்கையின் பெயரால் நடக்கும் கொடுமைக்குக் கண்மூடியும் துடைக்க இயலாது. துயருற்றவன் நம் எதிரே அமரும்போது, அவன் எந்த வழியாக வந்தான் என்று கேட்போம். வழியில் முள் கிடந்தால் அகற்றுவோம். மதில் எழுந்து நின்றால் அவனோடு சேர்ந்து இடிப்போம். எந்த ஊர் போய்ச் சேர்வதென்பதை அவனே முடிவு செய்யட்டும்.