ஒரே ஆள், இரண்டு பெயர்

போன மாதம் என் மனைவிக்கு எடுத்த மார்பு ஸ்கேனில், நுரையீரலில் சின்னதாக ஒரு முடிச்சு தெரிந்தது. மருத்துவர் பதறவில்லை. "முன்னால் எப்போதாவது ஸ்கேன் எடுத்திருந்தால் கொண்டு வாருங்கள். அப்போதும் இதே அளவில் இருந்திருந்தால் நல்லது" என்றார்.

எடுத்திருந்தோம், 2019இல், நிமோனியா வந்தபோது. அலமாரியில் இருந்த சி.டி.யோ கீறல் விழுந்து கிடந்தது. (ஸ்கேனும் சி.டி., தகடும் சி.டி. யார் வைத்த பெயரோ!) எடுத்த இடத்தில் போய்க் கேட்டதற்கு, ஒரு பென் டிரைவில் 412 கோப்புகளை அள்ளிப் போட்டுக் கொடுத்தார்கள். மருத்துவரின் கணினி அதைத் திறக்கவில்லை. அட்டவணைக் கோப்பு இல்லையாம். வியாழக்கிழமை மறுபடி வரச் சொன்னார்.

முப்பது வருடம் பதிவேடுகளோடு குப்பை கொட்டியவனுக்கு அட்டவணை இல்லாத கட்டு என்றால் என்னவென்று தெரியும். பெங்களூரில் இருக்கும் பேரனைப் போனில் பிடித்தேன்.

இந்தப் படங்களுக்கு டைகாம் என்று பெயர். ஒவ்வொரு கோப்பிலும் படத்தோடு கூடவே விவரங்களும் இருக்கின்றன: நோயாளி பெயர், எண், பிறந்த தேதி, ஸ்கேன் எடுத்த தேதி, எத்தனையாவது படம் என்பதெல்லாம். அட்டவணைக்கு நான்கு படிகள்: நோயாளி, பரிசோதனை, தொடர், படம். இதைத் தயாரிக்க ஜெர்மனியில் ஓல்டன்பர்க் நகரத்து ஆஃபிஸ் என்ற நிறுவனம் ஒரு கருவியை இலவசமாகவே தருகிறது. பொத்தான், சித்திரம் எதுவும் கிடையாது. கறுப்புத் திரையில் டி-சி-எம்-எம்-கே-டி-ஐ-ஆர் என்று எட்டு எழுத்தைத் தட்ட வேண்டும். பேரன் சொல்லச் சொல்லத் தட்டினேன்.

முதலில் கோப்புப் பெயர்களே பிடிக்கவில்லை என்றது. பெரிய எழுத்து, எண், அடிக்கோடு, இவைதான் கூடும். எட்டுக்கு மேல் போகக்கூடாது, நடுவில் புள்ளி வரக்கூடாது. பழைய காலத்துச் சட்டம். ஒரு வரிக் கட்டளையில் 412 பெயரையும் மாற்றினோம். உறை மேல் எழுதியதை மாற்றுவதில் தப்பில்லை.

அடுத்து, பரிசோதனை எண் காலியாக இருக்கிறது என்று நின்றுவிட்டது. "தாத்தா, அதுக்கு ஒரு ஆப்ஷன் இருக்கு, இன்வென்ட்னு பேரு. இல்லாததை அதுவே போட்டுக்கும்" என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிரெஞ்சில் பட்டியலுக்கு அன்வான்தேர் என்று பெயர், இட்டுக்கட்டுவது அன்வான்தே. அந்தக் கடைசி எழுத்தைக் காப்பாற்றத்தானே எங்களுக்குச் சம்பளம் கொடுத்தார்கள்? முடியாது என்று போனை வைத்துவிட்டேன்.

இரவு தூக்கம் வரவில்லை. விடிந்தால் வியாழன். நானே மீண்டும் அவனைக் கூப்பிட்டு, விளக்கமாகச் சொல்லச் சொன்னேன். இட்டுக்கட்டிய எண் அட்டவணையில் மட்டும்தான் வரும், மூலக் கோப்பைத் தொடாது என்றான். போதாததற்கு, அந்த எண்ணுக்கு முன்னால் கருவி தன் பெயர் எழுத்துகளையே போட்டுவிடுகிறது. இது நான் வைத்தது என்று ஒப்புக்கொள்கிற மாதிரி. அப்படியானால் சரி. தற்காலிக எண் நாங்களும் கொடுத்திருக்கிறோம். தட்டினேன். புதிய ஸ்கேனையும் அதிலேயே சேர்த்தோம்.

அட்டவணை வந்தது. ஆனால் நோயாளிகள் இரண்டு பேர்! 2019இல் ஆதாரமாகக் கொடுத்தது எங்கள் பிரெஞ்சுக் குடிமைப் பதிவேட்டின் நகல். அதில் அவள் பெயரில் 'உ' ஓசை வருமிடத்தில் ஓ, யு என்று இரண்டு எழுத்து. இந்த முறை ஆதார் அட்டை; வெறும் யு. மருத்துவமனை எண்ணும் வேறு வேறு. புதுச்சேரிக்காரர்களுக்கு இது பழகிய தொல்லைதான்.

"மூலக் கோப்பிலேயே பேரை மாத்த இன்னொரு கருவி இருக்கு தாத்தா, ஒரு நிமிஷம்தான்" என்றான் பேரன். வேண்டாம் என்றேன். பிரெஞ்சுப் பதிவேட்டில் பிழை இருந்தால் மூல வரியை யாரும் தொடமாட்டார்கள். திருத்தத்தைப் பக்கத்து ஓரத்தில்தான் எழுதுவார்கள். நானும் ஒரு வெள்ளைத் தாளில், 'இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும்; பிறந்த தேதி ஒன்றே' என்று எழுதி, அவளிடம் கையெழுத்து வாங்கினேன்.

"என்னங்க, பத்திரம் முடிக்கப் போறோமா?" என்றாள். ஆனாலும் கையெழுத்துப் போடும்போது அவள் கை நடுங்கியதைப் பார்த்தேன்.

மருத்துவர் தாளைப் படித்துச் சிரித்தார். பென் டிரைவைச் செருகியதும் இரண்டு நோயாளிகளும் திரையில் அடுத்தடுத்து வந்தார்கள். முதல் பெயரைத் திறந்து உருட்டிக்கொண்டே போனார், ஓரிடத்தில் நிறுத்தினார். பக்கத்தில் புதியதையும் வைத்து, இரண்டிலும் கோடு போட்டு அளந்தார்.

"ஆறு மில்லிமீட்டர். அப்போதும் ஆறுதான்."

அவள் என்னைப் பார்க்கவில்லை. கைப்பையைத் திறந்து, எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டாள்.