கடைசியில் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை

நெஞ்செரிச்சல் என்றாலே நாம் மிளகாயைத்தான் திட்டுகிறோம். காரத்துக்கும் பங்கு உண்டு. ஆனால் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறோம், சாப்பிட்டதும் என்ன செய்கிறோம் என்பதுதான் பல வீடுகளில் பெரிய காரணம்.

என் மாமியார் வருஷக்கணக்கில் அவதிப்பட்டார். எல்லோருக்கும் பரிமாறி, அடுப்படியை ஒழித்து, மிச்சம் மீதியை வீணாக்கக் கூடாதென்று பத்து மணிக்குச் சாப்பிடுவார். உடனே படுக்கை. நடுராத்திரியில் புளித்த ஏப்பமும் எதுக்களிப்புமாக எழுந்து உட்கார்ந்துவிடுவார். "வெறும் வாயும்மா, சோடா குடிச்சாப் போயிடும்" என்பார்.

டாக்டரம்மா அழகாக விளக்கினார். உணவுக்குழாய் இரைப்பையோடு சேருமிடத்தில் சுருக்குப்பை வாய் மாதிரி ஒரு தசை வளையம் இருக்கிறதாம். அது தளர்ந்தால் அமிலம் மேலே ஏறும். வயிறு நிரம்பப் படுத்தால் கேட்கவே வேண்டாம்! சோடாவோ வயிற்றை இன்னும் உப்ப வைக்கும்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஏழரைக்கே எல்லோரும் ஒன்றாகச் சாப்பாடு. படுக்க 3 மணி நேர இடைவெளி. அவர் கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் 6 அங்குல மரக்கட்டை வைத்தோம். தலையணைகளை அடுக்கினால் வயிறு மடங்கி அழுத்தம்தான் கூடும். இடது பக்கம் ஒருக்களித்துப் படுப்பது நல்லது. பாவாடை நாடாவை இறுக்கக் கூடாது. சாப்பிட்ட கையோடு குனிந்து தரை துடைக்கக் கூடாது. எண்ணெய்ப் பலகாரத்தையும் காபியையும் குறைத்தோம். ஒரே மாதத்தில் அவர் நிம்மதியாகத் தூங்க ஆரம்பித்தார்.

பிள்ளைத்தாய்ச்சிப் பெண்களுக்கு இது சகஜம். ஹார்மோன்களால் அந்த வளையம் தளர்கிறது. வளரும் கர்ப்பப்பையும் இரைப்பையை அழுத்துகிறது. கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை சாப்பிடுங்கள். மாத்திரை மட்டும் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம்.

விழுங்கச் சிரமம், காரணமில்லாமல் இளைப்பது, கறுப்பாக மலம் போவது, ரத்த வாந்தி இவற்றில் எது இருந்தாலும் தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். நெஞ்சை அழுத்துகிற வலி கைக்கோ தாடைக்கோ பரவி வியர்த்துக் கொட்டினால், "வாயு" என்று சும்மா இருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

எல்லோரும் சாப்பிட்ட பிறகுதான் நாம் சாப்பிட வேண்டும் என்று யார் சட்டம் போட்டது? இன்று ராத்திரியே உங்கள் தட்டையும் அவர்கள் தட்டோடு சேர்த்துப் போட்டுவிடுங்களேன்!