வெளுத்த கண்ணும் விடாத மருந்தும்



கண் சிவந்தால் சொட்டு மருந்து, சிவப்பு மறைந்தால் சுகம் என்பதே நம் வீடுகளில் பலர் வைத்திருக்கும் கணக்கு. எங்கள் லாத்தாவின் கண்ணில் அந்தக் கணக்குப் பொருந்தவில்லை. அவருக்கு வந்தது கண்ணின் உள்ளே உண்டாகும் அழற்சி. யுவைடிஸ் என்பர் மருத்துவர்கள். நோய்க்கிருமியை எதிர்க்க வேண்டிய உடலின் ஆற்றலே தடம் மாறிக் கண்ணைத் தாக்கும் வகை அது. கண்ணின் பின்புறத்தில் அது தங்கிவிட்டால் வெளியே சிவப்போ வலியோ இல்லாமலும் இருக்கலாம். பார்வை மட்டும் மங்கிக்கொண்டே போகும்.

மருந்து தொடங்குமுன் இரத்தமும் மார்புப் படமும் எடுத்தார்கள். காசநோய் போன்ற தொற்றும் இந்த அழற்சிக்குக் காரணமாகலாம். அதை அறியாமல் எதிர்ப்பாற்றலை அடக்கினால் தொற்று பெருகிவிடும். தொற்று இல்லை என்று தெரிந்தபின் ஸ்டீராய்டு மாத்திரை தந்தார்கள். சில நாட்களிலேயே மங்கல் குறைந்தது. ஆனால் அம்மாத்திரையை அதிக அளவில் நெடுங்காலம் உண்டால் சர்க்கரை ஏறும், எலும்பு தேயும், கண்ணிலேயே புரையும் அழுத்தமும் வரும். திடீரென நிறுத்தினாலோ உடல் தாங்காது. ஆகவே அதைப் படிப்படியாகக் குறைப்பதற்காக மெத்தோட்ரெக்ஸேட் என்னும் மாத்திரையைச் சேர்த்தார்கள். அது பலன் தரச் சில மாதங்கள் ஆகும்.

அந்த மாதங்களே எங்களுக்குச் சோதனையாயின. “கண்தான் வெளுத்துவிட்டதே, இன்னும் எதற்கு இந்தக் கடுமையான மருந்து?” என்று வந்தவரெல்லாம் கேட்டனர். புற்றுநோய்க்குத் தரும் மருந்தாயிற்றே என்று அஞ்சினார் உம்மா. புற்றுநோய்க்குத் தரும் அளவு வேறு, இதற்குத் தரும் அளவு மிகக் குறைவு என்று மருத்துவர் விளக்கிய பிறகே அவர் மனம் ஆறினார்.

விலை குறைந்த மாத்திரை ஆயிற்றே, பலன் இருக்குமோ என்ற ஐயமும் எங்களுக்கு இருந்தது. இதற்கு விடை தந்த ஆய்வில் நம் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கும் பங்குண்டு. பல நாடுகளில் 216 பேரிடம் நடந்த அந்த ஆய்வு 2019இல் வெளியானது. வாரம் 25 மில்லிகிராம் மெத்தோட்ரெக்ஸேட்டை, நாள்தோறும் 3 கிராம் மைக்கோபீனோலேட்டுடன் ஒப்பிட்டார்கள். விலை கூடிய மைக்கோபீனோலேட் மேலானது என்று நிறுவப்படவில்லை. மெத்தோட்ரெக்ஸேட் உண்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் இருவருக்கு, ஸ்டீராய்டு குறைந்த நிலையிலும் ஆறு மாதத்தில் அழற்சி அடங்கியிருந்தது. இவற்றுக்கு அடங்காதவர்களுக்கு அடாலிமுமாப் ஊசி உண்டு. 2016இல் அமெரிக்காவில் இந்நோய்க்கு அதை அங்கீகரித்தார்கள்.

மெத்தோட்ரெக்ஸேட்டை வாரம் ஒருமுறை மட்டுமே உண்ண வேண்டும். மறந்து நாள்தோறும் உண்டால் உயிருக்கே ஆபத்து. எங்கள் வீட்டில் வெள்ளி இரவு இஷாவுக்குப் பின் என்று வகுத்து, நாட்காட்டியில் குறித்துவைத்தோம். ஃபோலிக் அமில மாத்திரை, ஈரலுக்கும் இரத்தத்துக்கும் உரிய பரிசோதனைகள் ஆகியவற்றையும் விடவில்லை. கருவுற்றவர்களும் கருவுற விரும்புகிறவர்களும் இம்மருந்தை உண்ணலாகாது. புதுமணப் பெண்கள் கூச்சமின்றி மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

இடையில் ரமளான் வந்தது. ஸ்டீராய்டால் லாத்தாவுக்குச் சர்க்கரை ஏறியிருந்ததால் நோன்பு வேண்டாம் என்றார் மருத்துவர். எல்லாரும் ஸஹருக்கு எழும்போது தாம் மட்டும் விலகியிருப்பதை எண்ணி அவர் அழுதார். நோயாளி வேறு நாட்களில் நோன்பைக் கணக்கிட்டு நோற்கலாம் என்று அல்பகரா அத்தியாயத்தில் இறைவனே சலுகை அளித்திருக்கிறான் என்பதை வாப்பா நினைவூட்டினார். மருந்தளவு குறைந்தபின், மருத்துவரின் இசைவோடு, விட்ட நோன்புகளை அவர் நிறைவேற்றினார். அன்று வீடே அவருடன் நோன்பு திறந்தது.

நோய் அடங்குவது வேறு, அகல்வது வேறு. விழிக்குள் அழற்சி இருக்கிறதா என்பதை மருத்துவரின் கருவியே காட்டும். நம் நிலைக்கண்ணாடி காட்டாது. உங்கள் இல்லத்தில் இந்நோயுடையவர் இருந்தால், மருந்தை நிறுத்தும் முடிவை உறவினரின் பேச்சுக்கு விடாதீர்கள். பொறுமை என்பது துன்பத்தைத் தாங்குவது மட்டுமன்று. சுகம் தெரிந்த பின்னும் மாத்திரையைத் தவறாமல் உண்பதும் பொறுமையே. வல்ல அல்லாஹ் நம் அனைவரின் பார்வையையும் காத்தருள்வானாக. ஆமீன்.