பெட்டியின் அடியில் கிடக்கும் சாமான்

சைக்கிள் கடைப் பெட்டியில் மேலாகக் கிடக்கும் சாமான்களில் எனக்கு ஆர்வமில்லை. டயர் கழற்றும் கம்பி இரண்டு, அரம், உப்புத்தாள், சொல்யூஷன், சுத்தியல், நாலைந்து ஸ்பேனர். கை பட்டுப் பட்டுப் பளபளத்துப் போனவை. கடையின் அன்றாட வரும்படி முழுவதும் இவற்றாலேயே நடந்துவிடும். இவற்றை ஒதுக்கிவிட்டு அடியில் துழாவினால்தான் சுவாரஸ்யம். மானாம்பதியில் நான் வழக்கமாகப் போகும் கடையில், பஞ்சர் ஒட்டி முடிகிற வரைக்கும் எனக்கு இதுதான் பொழுதுபோக்கு. கடைக்காரர் தடுப்பதில்லை. ரிட்டயரான ஆளுக்கு வேறென்ன வேலை என்று நினைத்திருப்பார். சரியாகத்தான் நினைத்திருக்கிறார்.

முதலில் கைக்கு வருவது டம்பல் ஸ்பேனர். இரண்டு பக்கமும் குண்டுத் தலை, தலையைச் சுற்றி ஆறுமூலைத் துளைகள், ஒவ்வொன்றும் ஓர் அளவு. எந்த நட்டுக்கும் பொருந்தும் என்று நம்ப வைக்கிற உருவம். நம்பிப் பாருங்கள். ஃப்ரேமை ஒட்டி உட்கார்ந்திருக்கும் நட்டை அந்தக் குண்டுத் தலை நெருங்கவே முடியாது. பிடியோ விரல் நீளம். துரு ஏறிய நட்டு அதற்கெல்லாம் அசைந்து கொடுக்காது. மீறி முறுக்கினால் நட்டின் மூலைகள் மழுங்கும், அவ்வளவுதான். அம்பத்தூரில் 1951இல் டி.ஐ. நிறுவனத்தார் ஹெர்குலிஸ் சைக்கிள் செய்யத் தொடங்கினார்களே, அந்த வரிசையில் வந்த ஒரு வண்டி அப்பாவிடம் இருந்தது. சீட்டுக்குப் பின்னால் தோல்பை தொங்கும். சாமான் வைப்பதற்கென்று தைத்த பை. அப்பா அதில் வெற்றிலையும் சுண்ணாம்பு டப்பியும் வைத்திருந்தார். பைக்குள் இருக்க வேண்டிய டம்பல் ஸ்பேனரைப் பாட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவளுக்குப் பல் கிடையாது. திண்ணையில் உட்கார்ந்து அதன் தலையால் கொட்டைப்பாக்கை நசுக்குவாள். ஒரே தட்டு, பாக்கு தூள். உலக்கைக்கும் வராத லாவகம் அந்த இரும்புக்கு வந்தது.

அடுத்தது காட்டர் பின் பிரஸ். பழைய சைக்கிளில் பெடல் மாட்டியிருக்கும் கிராங்கை நடு அச்சோடு பிடித்து வைப்பது காட்டர் பின். ஒரு பக்கம் சரிவாக ராவிய குட்டையான ஆப்பு அது. அதைச் சேதமில்லாமல் அமுக்கி வெளியே தள்ளுவதற்குத்தான் இந்தப் பிரஸ். சுத்தியலால் அடித்தால் மரை நசுங்கும், அச்சின் குண்டுகளுக்கும் அதிர்ச்சி போகும். எல்லாம் தெரிந்துதான் நம் கடைக்காரர்கள் சுத்தியலை எடுக்கிறார்கள். அடியில் ஒரு கருங்கல்லை முட்டுக் கொடுத்துவிட்டு ஒரே போடு. அதிர்ச்சியைக் கல் வாங்கிக்கொள்கிறது. பிரஸ்ஸைத் தேடி எடுத்து, துடைத்து, திருகிக்கொண்டிருந்தால் பள்ளிக்கூட மணி அடித்துவிடும். செயின் கட்டருக்கும் இதே கதிதான். நம்மூர் வண்டியின் செயினுக்கு லாக் உண்டு. அதை நெம்பினால் செயின் கையோடு வந்துவிடும். அதற்கும் மசியாத செயினுக்கு ஓர் ஆணி போதும்.

இவற்றுக்கும் கீழே, எண்ணெய்த் துணியில் சுற்றி, அந்தப் பெட்டியிலேயே மரியாதையாக வைத்திருக்கும் ஒரே பொருள்: இடது மரை டேப்பு. சைக்கிளில் வலது பெடலுக்கு வழக்கமான மரை, இடது பெடலுக்கு எதிர் மரை. மிதிக்கும்போது பேரிங்கின் உராய்வு பெடலைக் கழற்றும் பக்கமாகத்தான் இழுக்கும். ஆனால் காலின் பாரத்தில் அச்சு தன் துளைக்குள்ளேயே இம்மி இம்மியாக உருண்டு எதிர்ப்பக்கம் இறுகுகிறது. உராய்வை அது வென்றுவிடுகிறது. இந்தச் சூட்சுமம் தெரியாத பையன், பதினொன்றாம் வகுப்பில் கொடுத்த விலையில்லா சைக்கிளின் இடது பக்கத்தில் வலது பெடலைப் பலவந்தமாகத் திருகிவிட்டு வந்து நிற்பான். கிராங்கின் மரை பொடிப் பொடியாகக் கொட்டியிருக்கும். அந்த மரையைத் திரும்ப வெட்ட, அன்றைக்குத்தான் எண்ணெய்த் துணி அவிழும்.

“கடைசியா எப்பண்ணா இத்த எட்த்தீங்க?” என்று கேட்டேன்.

“அது ஆச்சு சார், மூணு வருசம். இதுக்கு வேல வர்றதே இல்ல. வந்தா வேற எதுவும் ஆவாது.”

மூன்று வருஷம் என்றதும் எனக்கு உத்திரமேரூர் ஞாபகம் வந்துவிட்டது. பக்கத்து ஊர்க்காரனுக்கு வராமல் இருக்குமா? வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டில், முதலாம் பராந்தகன் காலத்தில், 919லும் 921லும் சபையார் எழுதி வைத்த விதிகளில் ஒன்று: ஏதாவது ஒரு வாரியத்தில் இருந்தவன் அடுத்த மூன்று ஆண்டு ஒதுங்கி இருக்க வேண்டும். தேர்தல் வந்தால் மேடையில் இதைப் பேசாத ஆள் கிடையாது. என் கவலை, வாரியத்துக்கு ஆள் எடுக்கிற குடத்தைப் பற்றியது. அந்தக் கல்லில் குடத்துக்கு எவ்வளவு மரியாதை பாருங்கள். ஊர் முப்பது குடும்பு, அதாவது முப்பது வார்டு. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர்கள் பெயரை ஓலையில் எழுதிக் கட்டாகக் கட்டிக் குடத்தில் போடுகிறார்கள். சபை கூடுகிறது, சிறியவர் பெரியவர் எல்லோரும். கோயில் நம்பிமார்கள் ஒருவர் பாக்கியில்லாமல் மண்டபத்தில் இருக்க வேண்டும். அவர்களில் மூத்தவர் அண்ணாந்து பார்த்தபடி, எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறாற்போல் குடத்தைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுபிள்ளை கையை விட்டு ஒரு கட்டை எடுக்கும். அதை இன்னொரு குடத்தில் கொட்டிக் குலுக்கி, அதிலிருந்து அதே பிள்ளை ஓர் ஓலை எடுக்கும். வாங்குகிற மத்தியஸ்தர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏந்தி வாங்க வேண்டும், விரலிடுக்கில் வேறோர் ஓலை ஒளிந்திருக்கக் கூடாது அல்லவா? அவர் வாசித்த பிறகு மண்டபத்திலுள்ள நம்பிமார்களும் அதை வாசிக்கிறார்கள்.

ஆக இரண்டு குடங்கள். வாரியத்தாருக்கு 360 நாள் உத்தியோகம். குடங்களுக்கு ஒரு நாள். மீதி நாளெல்லாம் அவை எங்கே இருந்தன? கை எப்படி விரிய வேண்டும் என்று கல்லில் வெட்டியவர்கள் இதைச் சொல்லவில்லை. ஒருவர் வீட்டில் வைத்தால் மற்றவர் சந்தேகப்படுவார், ஆகையால் கோயில் அறையில்தான் கவிழ்த்து வைத்திருப்பார்கள் என்பது என் ஊகம். எங்கள் பாட்டி மட்டும் அந்த ஊரில் இருந்திருந்தால் இரண்டிலும் புளி அடைத்து வைத்திருப்பாள்.

பெட்டிக்கே திரும்புவோம். என் தீர்ப்பு இது. டம்பல் ஸ்பேனரைப் பாக்கு போடுகிறவர்களுக்குத் தாராளமாகக் கொடுத்துவிடலாம். காட்டர் பின் பிரஸ்ஸும் செயின் கட்டரும் உங்கள் இஷ்டம். இடது மரை டேப்பை மட்டும் காயலான் கடைக்குப் போக விடாதீர்கள். எடைக்குப் போட்டால் ஒரு டீக் காசு தேறாது. ஊர் ஊராகச் சைக்கிள் கடைகள் மூடிக்கொண்டிருக்கின்றன. உங்கள் ஊரில் ஒன்று மூடுகிறதென்றால், பெட்டியின் அடியில் பார்த்து அதை எடுத்து வைத்து, இன்னும் திறந்திருக்கிற ஏதாவது ஒரு கடையில் கொண்டுபோய்க் கொடுங்கள்.