எண்ணப்படாத கோல்கள்

உழைத்தவனுக்குக் கூலியைக் கொடுத்துவிட்டால் கடன் தீர்ந்தது என்று எண்ணுவோர் பலர். நாமோ, அவன் உழைப்பை ஏட்டில் எழுதி வைத்தாலன்றி அக்கடன் தீராது என்போம். இதற்குக் காற்பந்துத் திடலிலிருந்தே சான்று காட்டலாம். "பந்து உதைப்பதில் என்ன சீர்திருத்தம் இருக்கிறது?" என்று அன்பர்கள் சிலர் நகைக்கலாம். சற்றுப் பொறுத்து வாசிக்குமாறு வேண்டுகிறோம்.

1953ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள், செத்தாபாக்கில், ஒரு லாரி ஓட்டுநரின் மகனாகப் பிறந்தவர் மொக்தார் டஹாரி. குடும்பச் செல்வமோ பரம்பரைச் செல்வாக்கோ அவருக்குத் துணை நிற்கவில்லை. இரண்டு கால்களும் விடாமுயற்சியுமே துணை நின்றன. 1972 முதல் சிலாங்கூருக்கும் தேசத்துக்கும் முன்னணி ஆட்டக்காரராக ஆடினார். 1975இல் இங்கிலாந்தின் ஆர்சனல் அணி கோலாலம்பூருக்கு வந்து 2-0 எனத் தோற்றுத் திரும்பியது; அவ்விரண்டு கோல்களும் மொக்தாருடையவை. 1978இல் இங்கிலாந்தின் 'பி' அணியோடு நடந்த ஆட்டம் 1-1 என முடிந்தது. நம் பக்கத்துக் கோலை அடித்தவரும் அவரே. ஜனங்கள் அவரை 'சூப்பர்மொக்' என்று அன்போடு அழைத்தனர். நரம்புகளைத் தளரச் செய்யும் கொடிய நோயொன்று பற்ற, 1991 ஜூலை 11ஆம் நாள், தம் 37ஆம் வயதிலேயே அவர் மறைந்தார்.

தேசத்துக்காக 142 ஆட்டங்களில் அவர் அடித்த கோல்கள் 89. ஆயினும், இந்த எண்ணிக்கை உலக ஏட்டில் இடம்பெறுவதற்கு அவர் மறைந்து ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் செல்ல வேண்டியிருந்தது. அடித்தவர் மண்ணுக்குள் போய்விட்டார். அதன் பிறகே உலகம் எண்ணி முடித்தது!

நம் தோட்டங்களை ஆண்ட துரைமாருள் பலர் ஸ்காட்லாந்தியர். அவர்கள் நாட்டிலே ஜிம்மி மெக்ரோரி என்றொரு முன்னணி ஆட்டக்காரர் இருந்தார். 1920களிலும் 1930களிலும் செல்டிக் அணிக்குப் பெரும்புகழ் சேர்த்தவர். அவர் அடித்த கோல்கள் 550 என்று கணக்கிட்டு வைத்திருக்கிறார்கள். அத்தகையவருக்கும் ஸ்காட்லாந்தின் தேச அணியில் ஏழே ஆட்டங்கள்தாம் கிடைத்தன. அங்கும் அநீதி இல்லாமலில்லை. ஆனால் கோல்கள் ஏட்டில் இருந்தமையால், அந்த அநீதியையும் இன்று எவரும் எடுத்துக் காட்ட முடிகிறது. ஸ்காட்லாந்துக்காக அதிகக் கோல் அடித்தவர்கள் டெனிஸ் லாவும் கென்னி டால்கிலிஷும், ஆளுக்கு முப்பது. எதிர்த்து ஆடிய அணிகள் வேறு வேறாகையால் முப்பதையும் எண்பத்தொன்பதையும் ஒரே தராசில் நிறுப்பது முறையன்று. முப்பது எண்ணப்பட்டுக்கொண்டே வந்தது, எண்பத்தொன்பது காத்துக் கிடந்தது என்பதே நாம் சொல்ல வந்தது.

இனி நம்மவர் கதைக்கு வருவோம். நாம் பிறந்தது மேருவை அடுத்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில். எம் தந்தையார் விடியுமுன் பெரட்டுக்குப் போய், வெயில் ஏறும்வரை பால் வெட்டி, மாலையிலே ஆபிசுத் திடலில் பந்தாடுவார். நடு முன்னணியில் அவருக்கே இடம். எத்தனை கோல் அடித்தார்? அவருக்கும் தெரியாது, எமக்கும் தெரியாது. வெட்டிய பால் எத்தனை ராத்தல் என்று மட்டும் நாள் தவறாமல் எழுதினார்கள்.

பிற்காலத்தில் தோட்டம் வீடுகள் கட்டுவதற்கு விற்கப்பட்டது. முப்பத்தொரு ஆண்டு உழைத்த தந்தையார் நஷ்டஈடு கேட்டு நின்றார். முதற் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஏடு இல்லை என்றார்கள். பத்தொன்பது ஆண்டுக்கே பணம் கிடைத்தது. அவர் சண்டையிடவில்லை, "பால் கணக்கு இருந்துச்சு, ஆள் கணக்குத்தான் இல்லை" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

நிர்வாகத்தை மட்டும் குறை கூறி நாம் தப்பித்துக்கொள்ளலாமா? மொக்தாரோடு தேச அணியில் ஆடியவர்களுள் ஒருவர், கோல் காவலர் ஆறுமுகம். நீண்ட கைகளால் பந்தைப் பற்றியதனால் 'ஸ்பைடர்மேன்' என்று பெயர் பெற்றவர். 1988இல் சாலை விபத்திலே உயிர் நீத்தவர். அவ்வணியிலே மலாய்க்காரர் கோல் அடித்தார், தமிழர் கோல் காத்தார், சீனரான சோ சின் ஆனும் சீக்கியரான சந்தோக் சிங்கும் தற்காப்பில் நின்றார்கள். அந்த நாட்களில் எம் லயத்துப் பெரியவர் ஒருவர் வானொலியில் ஆட்டம் கேட்டுக்கொண்டிருக்கையில், "அந்த ஆறுமுகம் என்ன ஜாதிப் பையன்?" என்று வினவினார். தந்தையார் திரும்பிப் பார்த்து, "பந்து என்ன, ஜாதி கேட்டுக்கிட்டா வருது, மாமா?" என்றார். லயமே சிரித்தது, பெரியவரும் சிரித்தார். ஆனால் அடுத்த மாதமே தம் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கையில் அதே கேள்வியைத்தான் அவர் முதலிற் கேட்டார்.

நம் அவலம் இதுதான். கப்பலேறி வந்து மூன்று தலைமுறை கழிந்தும் இன்னார் இன்ன ஜாதி என்பதை ஒரு ஏடுமின்றி நெஞ்சிலே பிழையறக் காத்து வருகிறோம். பிள்ளை பிறந்தால் பதியாமல் விட்டோர் நம்முள் எத்தனை பேர்! பாட்டன் எந்த ஆண்டில் வேலைக்குச் சேர்ந்தான், பாட்டி எத்தனை மரம் வெட்டினாள் என்று கேட்டாலோ வாய் திறவோம். எழுதக் கூடாததை எழுதி வைத்தோம்; எழுத வேண்டியதை மறந்தோம்.

ஆகையால், கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் எஞ்சிய தோட்டங்களிலும் வாழும் அன்பர்களை நாம் வேண்டுவது ஒன்றே. ஒரு நோட்டுப் புத்தகம் போதும். வீட்டு முதியோரை உட்காரவைத்து, அவர்கள் உழைத்த இடத்தையும் ஆண்டையும் கேட்டு எழுதுங்கள். பிறப்பைப் பதியுங்கள். ஞாயிறு மாலை உங்கள் சிறுவன் கோல் அடித்தால் அதையும் தேதியோடு எழுதுங்கள். ஜாதி என்ற பத்தியை மட்டும் வெறுமையாக விடுங்கள். மொக்தாருக்கு எண்ணிச் சொல்ல முப்பது ஆண்டு கழித்தேனும் ஓர் உலகம் இருந்தது. எம் தந்தையாருக்கு நாம்தாம் இருந்தோம், நாமும் எண்ணவில்லை.