பிரிட்ஜுக்கடியில் போன நூல்

உங்கள் வீட்டிலும் பூனைக்குட்டி துள்ளித் திரிகிறதா? அப்படியானால் இதைக் கொஞ்சம் வாசியுங்கள். அபூஹுரைரா (ரலி) அவர்களின் பெயருக்கே பூனைக்குட்டியின் தந்தை என்றுதானே பொருள்? நமக்குப் பூனை புதிதல்ல.

ஆரையம்பதியில் எங்கள் வீட்டுக்குட்டி எதைக் கொடுத்தாலும் எலியைத் தட்டுவதுபோல் தட்டி, அலுமாரிக்கடியில் அனுப்பிவிடும். ஒருநாள் பிரிட்ஜுக்கடியில் தும்புத்தடியை விட்டுத் துழாவினேன். போத்தல் மூடி, புளியங்கொட்டை, என் தையல் மெஷின் நூற்கட்டை எல்லாம் வந்தன. கட்டையில் நூல்தான் இல்லை!

அன்று மாலை குட்டி சாப்பிடவில்லை, சத்தியெடுத்தது. வாயோரம் நூல்முனை தெரிந்தது. இழுக்கப் போனேன். மச்சி கையைப் பிடித்துக்கொண்டா. அல்ஹம்துலில்லாஹ்! நூல் நாக்கடியில் சிக்கினால் குடல் அதன்மேல் சுருங்கி ஏறுமாம். இழுத்தால் குடலையே அறுத்துவிடும் என்றார் மிருக வைத்தியர். வயிற்றைக் கீறித்தான் எடுத்தார். மகள் அழுத அழுகை!

இப்போது பழைய சாரங்களைச் சுருட்டி அலுமாரிக்கும் கட்டிலுக்கும் அடியில் அடைத்திருக்கிறேன். பிரிட்ஜுக்கு அப்படிச் செய்யாதீர்கள். சூடு வெளியேற வழி வேண்டும். அந்த இடைவெளிக்குள் நுழையாத, தோடம்பழமளவு துணிப்பந்து தைத்துக் கொடுங்கள். நூல், ரிப்பன், ரப்பர் வளையம் எல்லாம் டின்னுக்குள் போகட்டும்.

மகளின் கொண்டை ரப்பர் ஒன்று நேற்றிலிருந்து குறைகிறது. இஷாவுக்குப் பிறகு அலுமாரியை நகர்த்தப் போகிறோம்.